யோகாவின் குடியுரிமை வகுப்பு

ஆஸ்திரேலியாவின் வெரிபீயில் யோகாவிடம் படித்துக் குடியுரிமைச் சோதனைக்குப் போன பதினொரு பேரில் ஒருவரும் தவறவில்லை. யோகா மட்டும் அந்தச் சோதனைக்குப் போக முடியாது. 2012இல் படகில் வந்தவள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, வழக்கு முடியும்வரை தற்காலிக விசாவில் இருந்தாள். வந்த முதல் வருடமே, எப்படியும் தேவைப்படும் என்று சோதனைக்கான அரசாங்கக் கையேட்டைப் பாடமாக்கியிருந்தாள்.

கிழமை நாட்களில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஞாயிறு பின்னேரம் வகுப்பு. கடைசியாகப் படிக்க வந்தவள் வேதவல்லி; சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவள்.

“பார்லிமென்ட், மினிஸ்டர், கோர்ட்டு எல்லாமே கவர்ன்மென்ட்டுதானே அக்கா? எதுக்கு மூணா பிரிக்கணும்?”

“ஒராளின்ர கையில எல்லாம் இருக்கக்கூடாது எண்டுதான். பாராளுமன்றம் சட்டம் போடும். அமைச்சர் அதை நடத்துவார். அவர் பிழை விட்டால் கோர்ட் கேக்கும்.”

யோகா அதை நம்பித்தான் சொன்னாள்.

வேதவல்லி இருபதுக்கு இருபது எடுத்தாள். அதே மாதம் யோகாவின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அவள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைத் தீர்மானிப்பது தன் வேலை அல்ல என்றார் நீதிபதி. நிராகரித்தவர்கள் சட்டப்படி நடந்தார்களா என்பதை மட்டுமே அவர் பார்க்கலாம். நடந்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வழக்கறிஞர் சிறிதரன் வெளியே வந்து சொன்னார். “இனி அமைச்சருக்குத்தான் எழுதலாம் அக்கா. அவர் நினைச்சால் விசா தரலாம்.”

“அவர் பாக்காமலே விட்டால்? திரும்பக் கோர்ட்டுக்குப் போகேலாதோ?”

“அவர் பாக்கத்தான் வேணும் எண்டு சட்டத்தில இல்லை.”

“அந்தச் சட்டத்தைப் போட்டது ஆர்?”

“பாராளுமன்றம்தான்.”

மறுநாளே யோகா அமைச்சருக்கு எழுதினாள்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவளுடைய கோரிக்கை அமைச்சரின் மேசைக்கே போகவில்லை. அடுத்துக் கிடைத்த விசாவில் வேலை செய்யும் அனுமதியும் இல்லை.

வேதவல்லி கேள்விப்பட்டு ஓடி வந்தாள். “எங்க ஏரியா எம்.பி.க்கு நான் எழுதறேன் அக்கா. இப்ப எனக்கு ஓட்டு இருக்கு.”

அவள் எழுதினாள். ஆறு வாரத்தில் மரியாதையான பதில் வந்தது: தனிப்பட்ட வழக்குகள் அமைச்சரின் பொறுப்பு.

அதை எடுத்துக்கொண்டு அவள் வந்த நாள், யோகா வாடகை அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். தெரிந்த குடும்பமொன்று தங்கள் வீட்டுக் கராஜில் இடம் தந்திருந்தது.

“வாசிக்க வேண்டாம் வேதா, விளங்குது,” என்றாள். “இந்தப் பெட்டியை ஒருக்கா அங்கால பிடி.”