அக்கா பிடித்த பந்து

அமெரிக்கக் கால்பந்தில் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பவன் நான். இன்று இத்தாலியின் பலேர்மோவில் என் கடைசி ஆட்டம். தோழன் குந்தியிருந்து, நிறுத்திய பந்தின் உச்சியைச் சுட்டுவிரலால் பிடித்தான். அந்த விரல் என்னை நாங்கள் முன்பு இங்கே குடியிருந்த கால்சா ஒழுங்கைக்கு இழுத்துப் போனது.

அப்போது எனக்கு எட்டு வயது. அக்காவும் அப்படித்தான் பந்தைப் பிடித்தாள். நான் பந்தை விட்டு விரலை உதைத்தேன்.

"கதவு நெரிச்சுப்போட்டுது" என்று அம்மாவிடம் எனக்காகப் பொய் சொன்னாள்.

துப்புரவு வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா வீட்டுப் பிளீச் மணக்கும் கையால் அம்மா அந்த விரலில் நல்லெண்ணெய் தடவினாள். "வதிவிடப் பெர்மெஸ்ஸோ பத்திரம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிச்சுப்போடுவாங்கள், பிள்ளை." எலும்பு வளைந்தபடியே பொருந்திவிட்டது.

உதைத்தேன். தோழன் பிடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

ஆட்டம் முடிந்து போனபோது, வேலியோரம் நின்ற அக்கா அந்த வளைந்த விரலாலேயே என் வியர்வையை வழித்துவிட்டாள்.

"இண்டைக்கும் நீ பந்தைப் பாக்கேல்லை, என்ன?"