பெரிய கம்லா

எங்கள் வீட்டில் பூந்தொட்டிக்குக் கம்லா என்றுதான் பெயர். அப்பா, அம்மா இருவருக்கும் சாத்தூர்ப் பக்கம். ஆனாலும் தில்லிக்கு வந்த பிறகு வாங்கிய பொருளையெல்லாம் இந்தியில்தான் சொல்வார்கள். தில்லியில் பிறந்த எனக்கு வேறு பெயரே தெரியாது. மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் அப்பா ஆபீஸுக்குப் போனதைவிட ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் அதிகம். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்தவருக்கு அம்மா மாதுளையை உதிர்த்து உதிர்த்துக் கொடுத்தாள். துப்பிய விதைகளில் சிலவற்றை அவர் விளையாட்டாக ஒரு தயிர் டப்பாவில் போட்டு வைக்க, ஒன்று முளைத்துவிட்டது. தினமும் அதைப் பார்த்த பிறகுதான் மாத்திரை போடுவார். டப்பாவின் அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்ததும், கம்லா மாற்றியாக வேண்டும் என்றார். சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

கோல் மார்க்கெட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே ரோட்டோரம் கம்லா விற்பார்கள். அங்கிருந்ததிலேயே பெரியதைக் காட்டினார் அப்பா. சிமெண்டில் செய்தது, நானே உள்ளே உட்காரலாம். வைத்தால் வைத்த இடம்தான், பிறகு அசைக்க முடியாது. அம்மா ஆறு இஞ்ச் மண் கம்லாவை எடுத்தாள்.

"சின்னச் செடியப் பெரிய கம்லாவுல வச்சா தண்ணி நின்னு வேரு அழுகிப் போகுங்க. ஒவ்வொரு சைஸா ஏத்தணும். கடைக்காரப் பையாகிட்ட வேணும்னாக் கேளுங்க."

அம்மா இந்தியில் கேட்டதும் பையாவும், "ஹாங் ஜீ" என்று ஆமோதித்துத் தலையாட்டினார்.

"மூணு வருஷத்துல காய்ச்சிரும்," என்றார் அப்பா. "சும்மா சும்மா மாத்திக்கிட்டே இருக்க முடியுமா?"

மூன்று வருஷம் என்றதும் அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

நான் அப்பா கட்சி. இருப்பதிலேயே பெரியதுதான் வேண்டும் என்று, "ஸப்ஸே படா வாலா!" என ரோட்டில் நின்று கத்தினேன். அம்மா சரியான கஞ்சம் என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எதுவும் வாங்காமல் மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினோம்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கு என் பால்கனியில் நானும் ஒவ்வொரு சைஸாகத்தான் ஏற்றுகிறேன். ஆனால் அவள் மனசில் இருந்தது வேரைப் பற்றிய கவலையே இல்லை. சர்க்கார் வீடு, அப்பாவின் வேலைக்காகக் கொடுத்தது. அப்பா இல்லையென்றால் அந்த வீடும் இல்லை. இது எனக்குத் தெரியாது. அது எங்கள் வீடு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அப்பா கட்டிலில் படுத்திருந்தார், நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தூங்குகிறார் என்ற நினைப்பில் அம்மா சமையலறையிலிருந்து ஊரிலுள்ள மாமாவிடம் போனில் பேசினாள்.

"வீட்ட எம்புட்டு நாளைக்கு வச்சிருக்க விடுவாகளோ தெரியலண்ணே. சாமான் எதுவும் சேக்கல. செடியக்கூட சின்னக் கம்லாவுலதான் வைக்கப் போறேன். ரயில்ல சீட்டுக்கு அடியில வச்சுக் கொண்டாந்துருவேன்."

அப்பா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவுக்கு ஊருக்குப் போறோமாப்பா?" என்று கேட்டேன்.

"ம்," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அந்த ஆறு இஞ்ச் கம்லா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அவருக்காகக் கத்தியவள் நான், இவர் போய் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டார்.

"இதுதான் சரி," என்று அம்மாவிடம் நீட்டினார். "சீட்டுக்கு அடியிலயும் போகும்."

வாங்கிய கையோடு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்லாவை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. ஜெயித்தவள் எதற்காக அழ வேண்டும்?

அப்பா செடியை மாற்றி வைத்தார். அவர் செடியைப் பிடித்துக்கொள்ள, மண்ணை நான்தான் போட்டேன். போட்டுக்கொண்டே, ரயிலில் ஜன்னல் சீட்டு எனக்குத்தான் என்று சொல்லி வைத்தேன். வருஷா வருஷம் அந்தச் சீட்டுக்கு என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கிறவர் அவர்.

"உனக்குத்தான் பாப்பா," என்றார்.

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.