நன்றியுரையில் சொன்ன பெயர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் எம்.ஃபில். படித்தபோது, என் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது திருநெல்வேலி டவுணில் இருந்த ஓர் அறக்கட்டளை. அதை நடத்திய ஜவுளிக்கடை அண்ணாச்சியின் தாயார், கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். மறதி நோய் வந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை ஆராயும் மாணவர்களுக்கு உதவ வேண்டும் என்று அண்ணாச்சி அதனால்தான் முடிவு செய்திருந்தார். அந்த வருஷம் விண்ணப்பித்தது நான் ஒருவன்தான். அப்படிக் கிடைத்ததற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடியும் போக வேண்டும். முதல் தடவை கதவைத் திறக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. "எங்க வீட்டுல கிறுக்கு யாரும் கெடையாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவர்கள் உண்டு.

வண்ணார்பேட்டையில் ஒரு கணக்கு வாத்தியார் வீடு. ஓய்வுபெற்றுச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. காலை எட்டரைக்குச் சட்டைப் பித்தான்களை மாற்றி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் மனைவி வெளிக்கதவைப் பூட்டி வைத்திருந்தார். என்னை வாசலிலேயே நிறுத்தி அந்த அம்மா சொன்னார்:

"சாருக்கு இப்படி இருக்குன்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது தம்பி. மகளுக்கு மாப்ள முடிவாகுத நேரம். பரம்பரை வியாதின்னு எவனாவது சொல்லிட்டா அவ்வளவுதான். பேரு வெளிய வராதுன்னு சொல்லுங்க, உள்ள வாங்க."

"வராதும்மா, சத்தியமா வராது" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்திருக்கிறது அவருக்கு. நான் கேட்காததையெல்லாம் சொல்லி அழுதார். அறிக்கையில் அவர்களை ஏழாம் எண் குடும்பம் என்று மட்டும் எழுதினேன். பெயர்கள் இருந்த நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவ்வளவு கவனமானவன் நான்!

பிறகு அறக்கட்டளையின் ஆண்டு விழா வந்தது. ரத வீதிக் கல்யாண மண்டபத்தில் நான் அறிக்கை வாசித்து, நன்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நன்றியுரையில் ஒரு பெயர் விடுபட்டால் அது ஆயுசுக்கும் பகை. "ஒருத்தர் பேரும் விட்டுப்போகக் கூடாதுவே, பொறவு வருத்தப்படுவாவ" என்று அண்ணாச்சியும் சொல்லியிருந்தார். தலைமை தாங்கியவர் முதல் மைக் செட் போட்டவர் வரை பட்டியல் எழுதினேன். அடியில் எனக்குக் கதவு திறந்த வீடுகளையும் எழுதினேன். பெட்டியைத் திறந்து, பூட்டி வைத்த அதே நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். மரியாதை செய்கிறேன் என்ற நினைப்பு ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

"மறதி நோயோடு போராடும் கணவரைப் பற்றி மனம் திறந்து பேசிய" என்று ஆரம்பித்து, வாத்தியாரின் பெயர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதைத் தெருவுக்கும் சொன்னது.

"நம்ம கணக்கு சாருக்கா?" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். சலசலப்பைக் கேட்டு, என் பேச்சில் உருகிவிட்டார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். "அந்த வாத்தியார் மகளுக்கு நம்ம கடையிலதான் முகூர்த்தப் பட்டு எடுக்குததா இருந்தாவ. சம்பந்தம் நின்னுபோச்சுவே. மாப்ளக்குத் தாய்மாமன் அன்னைக்குக் கூட்டத்துல இருந்திருக்காரு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. பரீட்சை, காய்ச்சல் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் ஆனதும் போனேன். இரண்டாம் சுற்றுத் தாள்களைக் கொடுத்தால்தான் மிச்ச உதவித்தொகை வரும்.

அந்த அம்மா கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே அந்தப் பெண் அப்பாவுக்குப் பித்தான்களைச் சரியாக மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பையிலிருந்து தாளை எடுத்தேன்.

"இன்னைக்காவது மன்னிப்புக் கேக்க வந்தியளேன்னுல்லா நெனச்சேன்" என்றார் அந்த அம்மா.

என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "சரி, கேளுங்க" என்றார்.

அப்போதும் அந்தத் தாளை மடித்து வைத்திருக்கலாம். நான் முதல் கேள்வியைக் கேட்டேன்: "கடந்த மூன்று மாதத்தில் குடும்பத்தில் மகிழ்ச்சியான நிகழ்வு ஏதேனும் நடந்ததா?"

"இல்ல" என்றார்.

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.