கொச்சிக்கு மூன்றாவது டிக்கெட்

எங்கள் பக்கத்தில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் போய் நின்றால், "வாங்க, சாப்பிடலாமுங்க" என்பார்கள். "இப்பத்தானுங்க ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. பட்டினியோடு போயிருந்தாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டால், சிரித்த முகத்தோடு இலை போடுவார்கள். நீங்கள் கிளம்பிப் போன பிறகு பேசிக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், என் தம்பி போனில், "சனிக்கெழம நாங்க கொச்சிக்குப் போறோமுங்க்கா, நீங்களும் வாங்களேன்" என்றபோது, "சரி கண்ணு, வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

போனில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க்கா. டிக்கெட்டு போட்டர்றேன்" என்றான். அந்த ஒரு நொடி என் காதில் விழத்தான் செய்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, புதுசாக் கண்ணாலம் ஆனதுக ரெண்டும் கடல் பாக்கப் போகுதுக. நடுவுல உனக்கு என்ன வேல?"

"அவனேதானுங்க கூப்பிட்டான்."

"ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டிருப்பான்."

"ஏன், என்ர தம்பி என்னைய நெசமாவே கூப்பிடக் கூடாதுங்களா?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் வாக்குவாதம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தம்பிக்கும் எட்டு வயது வித்தியாசம். சோமனூரில் அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் மாற்றி மாற்றி ஷிப்டு ஓட்டினார்கள். அதனால் அவன் என் இடுப்பில்தான் வளர்ந்தான். நான் அவிநாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவன் படித்து முடித்துப் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் சோபாவில் சாயங்காலம்வரை வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். மீதிக் குழம்பைத் தூக்குப் போசியில் ஊற்றிக் கொடுத்தனுப்புவேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் வரவில்லை. ஒரு வாரம் மாமியார் வீட்டு விருந்து, ஒரு வாரம் அவளுடைய சித்தி வீட்டு விருந்து, ஒரு வாரம் தலைவலி. சனிக்கிழமை கொச்சி என்றால் மறுநாள் ஞாயிறு. திரும்பி வருவதற்குள், "நாளைக்கு வாரேனுங்க்கா" என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காகத்தான் போனேன். கடல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இந்த உரிமை நானாக எடுத்துக்கொண்டதும் அல்ல. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவனுடன் பிறந்தவளையும் சேர்த்து நிறுத்தி, சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று கூடப் பிறந்தவளை மறந்துவிடாதே என்பது அதற்குப் பொருள். மண்டபம் நிறைய ஜனம் பார்க்க அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நான் மறக்கவில்லை. அவனும் மறக்கக் கூடாது இல்லையா?

நான் திருப்பூரில் ரயில் ஏறினேன். அவர்கள் கோவையில் ஏறினார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அந்தப் பெண், "வாங்க அண்ணி" என்றாள். மரியாதையில் குறை சொல்ல முடியாது. சிறுவயதிலிருந்தே அவனுக்கு ஜன்னல் ஓரம்தான் பிடிக்கும் என்பதால், யார் கேட்டும் விடாமல் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அவன் வந்ததும் அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டான். பாலக்காடு தாண்டி, இரண்டு பக்கமும் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலை நீட்டிய பக்கமெல்லாம் அவன் பார்த்தான். நான் விரலை நீட்டவில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கிப் படகுத்துறைக்குப் போய், போர்ட் கொச்சிக்குப் படகில் போனோம். அழகாக இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தண்ணீருக்கு நடுவில் தீவுகள், தூரத்தில் வீடு வீடாக அடுக்கியது போலக் கப்பல்கள், கரையில் கூடாரம் போட்டது மாதிரி பெரிய பெரிய மரங்கள். அது வேறு எனக்கு எரிந்தது. எங்கள் கோவைக்கு மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று ஊர் ஊராகப் பெருமை பேசுகிறோம். இந்த ஊர்க்காரர்கள் ஆபீசுக்குக் கடல் வழியாகப் போய்க்கொண்டு அதைப் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். "இங்கயே ஒரு ஊடு பாத்துக்கிட்டு வந்தர்லாமுங்களா?" என்று அவள் கேட்க, "வந்தர்லாம்" என்று அவன் சிரித்தான். விளையாட்டுக்குத்தான். நான் அவிநாசியிலிருந்து கொச்சிக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன்.

கரையில் சீன வலைகளைப் பார்த்தோம். பெரிய மரச் சட்டங்களில் கட்டிய வலையை நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தார்கள். அவ்வளவு பெரிய வலையில் நாலு மீன் துள்ளியது. "அக்கா, ஒரு போட்டோ எடுங்க" என்று தம்பி போனைக் கொடுத்தான். எடுத்தேன். வலைக்கு முன்னால் ஒன்று, மரத்தடியில் ஒன்று, பழைய மாதா கோயில் வாசலில் ஒன்று, மஞ்சள் சுவர் ஒன்றில் சாய்ந்துகொண்டு ஒன்று. ஒரு படத்தில் அவளுடைய பாதி முகம் வெளியே போகும்படி எடுத்தேன். அவன் மட்டும் லட்சணமாக விழுந்தான். சாயங்காலம் அதைப் பார்த்து அவள், "பரவால்லீங்க, இதுல இவரு நல்லா இருக்காரு" என்றாள். ஒரு சண்டைக்குக்கூட அந்தப் பெண்ணிடம் வழி கிடையாது.

பிறகு இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். சின்ன வயதில் பவானி ஆற்றில் கால் வைக்கச் சொன்னால், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியவன் இவன். இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போனான். அலை வரும்போது கத்தினான், ஆனால் சந்தோஷத்தில் கத்தினான். நான் மூன்று ஜோடி செருப்புக்கும் இரண்டு பைக்கும் காவல் நின்றேன். பக்கத்தில் எலுமிச்சை சோடா விற்ற அம்மாள் என்னைப் பார்த்து, "மோனும் மருமோளும் ஆணல்லே?" என்று கேட்டாள். மகனும் மருமகளும்தானே என்கிறாள். மலையாளம் எங்களுக்குப் புரியாமல் இருக்குமா? "தம்பி! தம்பி!" என்றேன், கடலுக்கும் கேட்கும்படி. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சோடாவை நீட்டினாள்.

விடிவதற்கு முன் எழுந்து புளிச்சோறு கட்டி எடுத்துப் போயிருந்தேன். தம்பி, "அது ரயில்ல சாப்பிட்டுக்கலாமுங்க்கா" என்று சொல்லி, மீன் பொரிக்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இலையில் வைத்துச் சுட்ட மீனை அவன் தட்டில் வைத்து அவள் முள் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊருக்கு அணை மீன்தான் வரும், அதில் முள் அதிகம். அவன் பத்தாவது படிக்கிறவரை முள் எடுத்துக் கொடுத்த விரல் என்னுடையது. எனக்கும் ஒரு மீன் வந்தது. அதில் முள்ளே இல்லாத மாதிரி வேகமாகத் தின்றேன். இவ்வளவு நேரமாகியும் நாளையைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

திரும்பும்போது படகுத்துறையில் கூட்டம். பெண்களுக்குத் தனி வரிசை. தம்பி அந்தப் பக்கம் நிற்க, நானும் அவளும் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோம்.

"அண்ணி, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"எனக்குச் சனிக்கெழமையும் ஆபீசுங்க. இன்னைக்கு லீவு போட்டுத்தான் வந்தனுங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்புல ஊட்டுல இருக்கறது ஞாயித்துக்கெழம ஒரு நாளுத்தானுங்க." அவள் கழுத்துச் சங்கிலியை முறுக்கினாள். "உங்க ஊட்டுக்கு வரோணும், அக்காவப் பாக்கோணும்னு அவரு சொல்லிட்டேதானுங்க இருக்காரு. நாந்தான் வாராவாரம் என்னமாச்சும் சொல்லி நிறுத்திப் போடறேன். அந்த ஒரு நாள எனக்கு உட்டுக் குடுங்க அண்ணி."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. சொல்லிக்கொண்டே இருக்கிறானாம்! வரோணும் வரோணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறவனை இவள் பிடித்து வைத்திருக்கிறாள். அப்படியானால் தோற்றது நானில்லை. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ஜெயித்தவளுக்குத் தாராளம் தானாக வந்துவிடுகிறது.

"அதுக்கென்ன அம்மணி, நீயே வெச்சுக்க" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே என்னைப் பிடித்துப்போன நேரம் அது.

ஆனால் படகில் உட்கார்ந்ததும் கணக்கு வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையைத்தான் கொடுத்தேன். அவன் ஏங்குவதைக் கொடுக்கவில்லை. அவன் என்னிடம் வருகிறேன் என்று கேட்பான். நான் முடியாது என்பேன். அவன் முகம் வாடும். அதை அவளும் பார்ப்பாள். அது ஒன்று போதும், அதை வைத்துக்கொண்டு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிடுவேன் என்று தோன்றியது. முதல் முறையாக அப்போதுதான் கடலை நிம்மதியாகப் பார்த்தேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ரயிலில் புளிச்சோற்றைப் பிரித்தேன். இருவரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை. பாலக்காடு போனது, வாளையார் போனது. போத்தனூர் தாண்டியதும் அவன் எழுந்து மேலேயிருந்து பையை இறக்கினான். அவர்கள் கோவையில் இறங்க வேண்டும், நான் திருப்பூர்வரை போக வேண்டும்.

"ஏனுங்க்கா," என்றான், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே. "நாளைக்கு ஊட்டுக்கு வரட்டுங்களா?"

கேட்டுவிட்டான். அவள் விழித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன்.

"நாளைக்கு முடியாது கண்ணு. எனக்கு வேற ஒரு சோலி இருக்குது."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன்.

"அப்படீங்களா? சரிங்க்கா" என்றான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாண மேடையில்கூட அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அவள் பக்கம் திரும்பி, "அப்ப நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தூங்கலாம்" என்றான்.

என்ன சோலி என்று அவன் கேட்பான், இரண்டு முறையாவது கேட்பான் என்று, பக்கத்து வீட்டு வளைகாப்பு ஒன்றை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். யார் வீடு, எந்த மண்டபம், எத்தனை பேருக்குச் சமையல் என்பதுவரை யோசித்திருந்தேன். வண்டி கோவையில் நின்றது. அவன் கேட்கவில்லை.