தலையணை உறையில் இல்லாத கறை

மாயக்கை என்று கேட்டால்தான் அந்தச் சலவைக்கூடத்தில் ஆளைக் காட்டுவார்கள். கறை எடுக்கிற மேசை அவளுடையது. துருவோ, மையோ, எண்ணெயோ, அங்கே போன துணி வெளுப்பாகத்தான் திரும்பும். ரத்தக்கறையில் வெந்நீரை ஊற்றுகிற புது ஆட்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெந்து போய் ஒட்டிக்கும். பச்சத் தண்ணி, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான்" என்று திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள். ஊரார் துணியைப் பார்த்து அவர்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிற கெட்டிக்காரி. தன் வீட்டுத் துணி என்ன சொல்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. பதினைந்து வயதுப் பெண். "சூடுதான், வேற ஒண்ணுமில்ல. தலைய நல்லா அண்ணாந்துக்கோ" என்று கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள் மாயக்கை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, நிற்கவில்லை. திடீரென்று அந்தப் பெண் எழுந்து ஓடித் தொட்டியில் வாந்தி எடுத்தது. அத்தனையும் ரத்தம். மகளைத் தூக்கி நிறுத்தி, ஒரு துண்டை மூக்கில் அழுத்தியபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் மாயக்கை. தினமும் ரத்தம் பார்க்கிறவள்தான், ஆனால் அதெல்லாம் காய்ந்த ரத்தம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதல் வேலையாக அந்தப் பெண்ணின் தலையை முன்னால் இறக்கினாள். "அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ளதாம்மா போகும். அதான் வாந்தி. உக்கார வச்சு முன்னாடி குனிய வைங்க. மூக்கோட மெத்துன்னு இருக்கிற எடத்தைப் பத்து நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க. அரை மணி பிடிச்சும் நிக்கலன்னா இங்க வந்துடணும்." பஞ்சு வைத்த பிறகு ரத்தம் நின்றது. மாயக்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டரம்மா கேட்டார். "அடிக்கடி வருமா?"

"இல்லீங்க. எப்பவாவது ஒரு தடவை" என்றாள் மாயக்கை.

"வாரத்துக்கு மூணு நாலு தடவை. ஆறு மாசமா" என்றாள் மகள்.

மாயக்கை மகள் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்லாதடி. தலையணை உறையில ஒரு பொட்டு கூட நான் பாத்ததில்லையே?"

"நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அலசிடுவேன். பச்சத் தண்ணி, உப்பு. நீதானம்மா சொல்லுவ."

டாக்டரம்மா அந்தப் பெண்ணின் சட்டைக் கையை மேலே தள்ளினார். இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாத இடங்களில் நீலம் பாரித்திருந்தது. அதையும் பெற்றவள் பார்த்ததில்லை. எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு மாசாமாசம் பத்து நாள் போகுதே, நீ யார்கிட்ட சொன்ன? நம்ம உடம்பே இப்படித்தான்னு நெனச்சேன்."

அதுவரை மகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நாற்காலியைத் தாயின் பக்கம் திருப்பினார். "பத்து நாளா? பல்லு ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

"ஒண்ணு எடுத்தேன். ரெண்டு நாள் ரத்தம் நிக்கல. எனக்கு எப்பவும் அப்படித்தாங்க."

"ரத்தம் உறையறதுல ஒரு குறை இருக்கலாம். பரம்பரையா வரும். ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். உங்கம்மாவுக்கு இப்படி ஏதாவது உண்டா?"

"தம்பி பொறந்தப்ப போயிட்டாங்க. ரத்தம் நிக்கவே இல்ல. விதின்னாங்க." முப்பது வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லியே மனதை ஆற்றிக்கொண்டு வந்தவள் மாயக்கை. இன்று அது அவளுக்கே யாரோ சொன்ன பொய் போலக் கேட்டது.

"டெஸ்ட் வரட்டும். அதுவாவே இருந்தாலும் பயப்படாதீங்க, மருந்து இருக்கு."

"மருந்து இருக்கா?" மாயக்கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவும் இருந்துச்சா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆமாம் என்று மெல்லத் தலையசைத்தார்.