ஊசியைத் தரிசனத்துக்கு எடுத்துப்போன நாள்

என் மனைவிக்குக் கடுமையான ஆஸ்துமா. இன்ஹேலர் போதாமல் போனபோது, மாதம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விளக்கும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். உடம்பில் இன்டர்லூக்கின் என்று சில புரதங்கள் உண்டு, கிருமி வந்தால் வெள்ளையணுக்களைக் கூப்பிடுவது அவற்றின் வேலை, உனக்கு அதில் ஒன்று காரணமில்லாமல் கூப்பிடுகிறது, வந்து சேரும் கூட்டம் மூச்சுக்குழாயை வீங்க வைக்கிறது என்றேன்.

"பௌர்ணமிக்குக் கோயில்ல மைக்ல கூப்பிட்டுக் கத்திக்கினே இருப்பாங்களே, அந்த மாதிரியா?" என்றாள்.

அதேதான், ஊசி அந்த மைக்கை அணைத்துவிடும் என்றேன்.

ஊசி ஐஸ் பெட்டியில் வந்தது. அந்த மருந்தும் ஒரு புரதம்தான். சூடு பட்டால் கெட்டுவிடும். முட்டை வேகும் உதாரணத்தோடு வருடாவருடம் வகுப்பில் சொன்னவன் நான். ஆனால் எங்கள் ஊரில் புது வண்டிச் சாவியைக்கூடச் சாமி பாதத்தில் வைத்துத்தான் எடுப்பார்கள். அவளுடைய வேண்டுதல்களைக் கிண்டல் செய்தே காலம் தள்ளிய நான், ஊசி பலிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், பால் வாங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் பெட்டியோடு கோயிலுக்குப் போனேன். பாதுகாப்புக்காக வீட்டு ஐஸ் கட்டிகளையும் அதில் கொட்டியிருந்தேன்.

அன்று பௌர்ணமி. விடியற்காலையில் கூட்டம் கம்மியாக இருக்கும் என்று நினைத்தேன். வரிசையில் புகுந்தபின் முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. வெயில் ஏறியது. பெட்டி சொட்டத் தொடங்கியது. பின்னால் நின்ற ஒரு அம்மா அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தீர்த்தம் இல்லீங்க, ஐஸ் தண்ணி."

"எதுவா இருந்தா இன்னா சாமி, இங்க வந்துட்டுதே."

அதற்குள் நாலைந்து கைகள் நீண்டிருந்தன. இன்டர்லூக்கினிலிருந்து தொடங்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள், முடித்ததும் மறுபடி கையை நீட்டினார்கள். கடைசியில் நானே பெட்டியைச் சாய்த்து ஊற்றினேன். சன்னதியில் அர்ச்சகர் பெட்டியைத் திறக்கச் சொல்லி விபூதி தூவி, வில்வம் வைத்துக் கொடுத்தார். ஊசியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோலப் பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் கிளினிக்கில் அவள் ஜாக்கெட் கையை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி குளிரிலேயே இருந்ததா என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து ஈர வில்வ இலை ஒன்றை எடுத்து எங்கள் இருவருக்கும் காட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னை இன்னா கிண்டல் பண்ணீங்க," என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. ஊசி குப்பைக்குப் போனது.

அடுத்தது வரும்வரை அவளால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தே தூங்கினாள். அந்த இழுப்புச் சத்தத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது என்னால் வந்தது.

புதுப் பெட்டி வந்த அன்று அதை அவளே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"கோயில் பக்கம் வேணாம், சுத்திப் போப்பா," என்றாள் டிரைவரிடம். "இவரு எறங்கிடுவாரு."