பொறவாசல் டாக்டர்

கால்நடை வைத்தியத்தில் நோயாளி வாய் திறக்கமாட்டான்; அவனுக்கும் சேர்த்துக் கூட வந்தவர்கள் பேசுவார்கள். மாட்டாஸ்பத்திரிகளில் கம்பவுண்டராகக் காலந்தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் என்னைக் கொல்லிமலைக்கு மாற்றினார்கள். வெக்கை நோய் வராமல் மாடுகளுக்கு ஊசி போடுவது உத்தியோகம். அடிவாரத்திலிருந்து மருந்துப் பெட்டியைத் தலைச்சுமையாக ஏற்றி, செம்மேட்டில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் குடியேறினேன். மாடு ஒன்றும் வரவில்லை. கோழிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் கோளாறு.

முட்டை யாருக்குச் சொந்தம்?

முதலில் வந்தவள் தேவனூர் நாட்டுக் குப்பாயி; அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தனிக்கட்டை. கூடையில் ஒரு செவலைக் கோழி, பேர் செல்லாயி. அது வாலைத் தொங்கப் போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முக்கியது. முட்டை வழியிலேயே சிக்கியிருந்தது. "நான் மாட்டுக்குத்தாம்மா வைத்தியம் பார்க்கிறவன்" என்றேன். "மாடு பெருசுங்க, வலி தாங்கும். இது தாங்குமுங்களா சாமி?" என்று கூடையை என் மடியில் வைத்துவிட்டாள்.

உள்ளே முட்டை உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம். அதனால் அமுக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அதை உட்காரவைத்து, எச்சவாயைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிக் காத்திருந்தேன். குப்பாயி அதன் காதருகே குனிந்து, "முக்கு கண்ணு, இன்னுங் கொஞ்சம்" என்று தானும் சேர்ந்து முக்கினாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒருவழியாக முட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. நானே இட்டதைப் போலத் தூக்கிக் காட்டினேன். குப்பாயி கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டையைத் தயக்கத்தோடு பார்த்தாள். "ஏனுங்க, சர்க்கார் எண்ணெயில வந்த முட்டை. இது எங்களுதுங்களா, சர்க்காருதுங்களா?"

தேன் வைத்தியம்

வாழவந்தி நாட்டுச் சடையன் கம்பளிக்குள் ஒரு கோழியைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். முட்டையிட்ட கையோடு உள்சதை சிவப்பாக வெளியே தள்ளிவிட்டது. சிவப்பைக் கண்ட மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கியிருந்தன. வீக்கம் வற்றுவதற்குச் சீனி தடவலாம். ஆனால் சீனி ரேஷனில் இருந்தது. என் காப்பியே வெல்லத்தில்தான் ஓடியது. "தேன் இருக்குமா?" என்றேன். மனிதர் வீட்டுக்கு ஓடி, சுரைக்குடுக்கை நிறையக் கொண்டுவந்துவிட்டார்.

கழுவி, தேன் பூசி, வீக்கம் வடிந்ததும் எண்ணெய் விரலால் மெல்ல உள்ளே தள்ளினேன். மறுபடி வெளியே வந்தது. மறுபடி தள்ளினேன். அடுத்த நாள்தான் நின்றது. இருட்டில் தனியாகக் கூடைக்குள் கவிழ்த்து வை, தீனியைக் குறை, கொஞ்ச நாள் முட்டையிடாமல் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சடையன் காட்டு வேலையை விட்டுவிட்டுக் கூடைக்குக் காவல் உட்கார்ந்தாராம். கோழி தேறியதும் புருஷனும் பெண்டாட்டியுமாக என்னைப் பார்க்க வந்தார்கள். சடையன் என் கைராசியைப் புகழ்ந்து முடிக்கவில்லை. மனைவி பாப்பாத்தி குறுக்கே வந்தாள். "நாலு புள்ளை பெத்தனுங்க. ஒருக்காலாச்சும் இந்த மனுசன் எனக்கு இத்தனூண்டு தேன் நக்கக் குடுத்தாருங்களான்னு கேளுங்க!"

மாடு வந்த நாள்

மலைக்குக் கீழே ஊர்களில் வெக்கை நோயில் மாடுகள் சாகின்றன என்று சேதி வந்தது. நோய் மலை ஏறினால் ஒரு நாடும் தப்பாது. நான் ஊர் ஊராக அலைந்து கெஞ்சினேன். ஊசி போட்ட மாட்டைச் சர்க்கார் யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போகும் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். கடைசியில் குப்பாயி அவர் வாசலில் போய் நின்று, "இந்த டாக்டரு செல்லாயியைப் புடிச்சுக்கிட்டுப் போனாரா? முட்டையைக்கூடத் திருப்பிக் குடுத்துட்டாருங்க" என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகை வாசலில் மாட்டு வரிசை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த மாடுகள் எல்லாம் பிழைத்தன. நான் பிழைத்ததுதான் அதிசயம். கழுத்தில் போட ஊசியோடு நின்றேன். முதல் மாட்டைத் திருப்பி, வாலைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கமாக என்மேல் ஓட்டி வந்தார்கள். உதைத்த உதையில் மருந்துத் தட்டோடு சேற்றில் விழுந்தேன். "தலைப் பக்கம் திருப்புங்கய்யா!" என்று கத்தினேன். ஊர்க்கவுண்டர் என்னைத் தூக்கிவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க பாக்கற பக்கம் இதுதான்னு சொன்னாங்களே சாமி!"

ஆபீசர் கேம்ப்

மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்தார். ஆபீசர் கேம்ப் என்றால் ஊர்க் கோழிகளுக்குக் கெட்ட காலம். அன்று அவருடைய டவாலிச் சேவகன் கையில் சிக்கியது செல்லாயி. அதற்கு எச்சவாயில் புண். வெள்ளையாய்ச் சீழ் வடிந்து நாற்றம் அடித்தது. தினமும் மருந்துத் தண்ணீரால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். குப்பாயி என்னைப் பார்த்தாள்.

"சார், இது நோயாளிக் கோழி" என்றேன். "வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் ஆபீசர். நோய்க்குறிகளை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்பது அவரே எங்களுக்குப் போட்ட உத்தரவு. அதன்படி நிறம், பிசுபிசுப்பு, வாடை என்று வரிசையாக ஒப்பித்தேன். மேலதிகாரி சரிபார்க்க வேண்டும் அல்லவா? செல்லாயியின் வாலைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஆபீசர் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்று மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மோரும் சாப்பிட்டுவிட்டு, தணிக்கை முடிந்தது என்று மலை இறங்கிவிட்டார். குப்பாயி என்னைத் தனியே கூப்பிட்டாள். "இந்தச் சீக்கு ஆபீசருங்க வர்ற அன்னிக்கு மட்டும் வர்ற மாதிரி மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பெண் கொடுக்க வந்தவர்

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் மாப்பிள்ளை பார்க்க மலை ஏறி வந்தார். முறுக்கிய மீசை, வெள்ளை அங்கவஸ்திரம். மாட்டு டாக்டர் வீடு எது என்று வழியெல்லாம் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பாப்பாத்திதான், "அட, நம்ம பொறவாசல் டாக்டருங்களா!" என்று கையைப் பிடிக்காத குறையாய் அழைத்து வந்து விட்டாள். அந்த நேரம் பார்த்து நான் ஒரு கருங்கோழியைத் தலைகீழாகப் பிடித்து, அடிவயிற்றில் ஒட்டிய செள்ளுப் பூச்சிக்குச் சாம்பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மூக்கிலும் சாம்பல். சம்பந்தம் போயிற்று என்று நினைத்துக் கோழியைக் கீழே விட்டேன்.

வந்தவர் வெல்லக் காப்பியைக் குடித்தார். கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, யாரும் கேட்டுவிடப் போகிறார்களே என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு விசயம் அப்பறம் பேசலாமுங்க மாப்ளே. அவ வளக்கற கோழி ஒண்ணு நேத்திருந்து முக்கிக்கிட்டே நிக்குது. அது பொழச்சாத்தான் தாலிக்குக் கழுத்த நீட்டுவேன்னுட்டா."

ஆக, மாட்டு வைத்தியத்துக்குப் படிக்க வைத்தவர் என் அப்பா, அதற்குச் சம்பளம் கொடுத்தது சர்க்கார், ஆனால் பேரும் பெண்டாட்டியும் எனக்குக் கிடைத்ததோ கோழி முட்டையிடுகிற வழியில்தான்.